மஞ்சள் தொப்பிக் கரடியின் ஆங்கிலம்

மரியநேசன் ஆங்கிலம் பேசப் பழகியது ஒரு கரடியாக இருந்துதான். முல்லைத்தீவுப் பக்கம் சிலாவத்தைக் கடற்கரையில் இதைச் சொன்னால் சிரிக்காதவர் இல்லை. நாற்பத்தெட்டு வயது மனுசன். படகும் வலையுமாகக் கிடக்கிறவர். காலையில் கடலால் வந்து மீனைக் கொடுத்துவிட்டு, வலை வைக்கிற வாடிக் கொட்டிலுக்குள் போய்க் காதில் வயரை மாட்டிக்கொண்டு, கைபேசியைப் பார்த்து வெள்ளைக்காரக் கதை கதைத்தால் ஊர் சும்மா இருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒருவர் அவருக்கு ஏதோ பெண் தொடர்பு என்றார். இன்னொருவர் வெளிநாட்டுக்கு ஓட ஆயத்தம் செய்கிறார் என்றார். பாவம், சண்டையில் பெண்சாதியைப் பறிகொடுத்தவர், இப்போதுதான் புத்தி பேதலிக்கிறது என்று கோயில் வாசலில் நின்று இரங்கியவர்களும் உண்டு. மரியநேசன் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்கிற பழக்கம் அவரை விட்டுப் போய்க் கனகாலம்.

அதை விளையாட்டு என்றும் சொல்லலாம், ஊர் என்றும் சொல்லலாம். கைபேசிக்குள் தெருவும் கடையும் குளமும் துறையுமாக ஒரு நகரம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் அதற்குள் வருவார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் உண்டு. அந்த உருவத்தை நடத்திக்கொண்டுபோய், எதிரில் நிற்கிற உருவத்தோடு சொந்தக் குரலிலேயே பேசலாம். வடிவான உருவங்களுக்குக் காசு கேட்டார்கள். சும்மா கிடைத்தது ஒரு கரடி. அதன் தலையில் மஞ்சள் தொப்பி, கழற்றவும் முடியாது. மரியநேசனுக்கு எல்லாம் ஒன்றுதான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தே அவருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. கரடியென்றால் என்ன, காண்டாமிருகம் என்றால் என்ன.

அவர் அதற்குள் போனது மகளுக்காக.

மகள் நிதர்சனா கனடாவில் வளர்ந்தவள், இருபது வயது. வளர்த்தவள் ஜோசப்பின், மரியநேசனின் மனைவி றீற்றாவின் தங்கை. இரண்டாயிரத்து ஒன்பதில், சண்டையின் கடைசியில், சனமெல்லாம் கடற்கரையோரம் ஒரு துண்டு மணலுக்குள் ஒடுங்கியிருந்த நாட்களில், றீற்றா ஷெல் பட்டுச் செத்துப்போனாள். காயப்பட்டவர்களை ஏற்றவென்று ஒரு கப்பல் வந்து தூரத்தில் நின்றது. ஜோசப்பினுக்குக் கையில் காயம். காயக்காரரோடு ஒரு சின்னப்பிள்ளையை விடுவார்கள் என்றதும், நாலு வயது நிதர்சனா ஜோசப்பினின் பிள்ளையாகப் படகில் ஏறினாள். ஆம்பிளைகளுக்கு இடமில்லை. மரியநேசன் பிறகு முகாமுக்குள் போனார், அங்கிருந்து விசாரணைக்கு, அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு. அவர் வெளியில் வந்தபோது, கனடாவில் இருந்த ஜோசப்பினின் புருசன் இரண்டுபேரையும் அங்கே எடுத்துவிட்டிருந்தார். கடதாசியில் பிள்ளை ஜோசப்பினின் மகள். அது அப்படியே இருக்கட்டும் என்றார் மரியநேசன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

நத்தார்ப் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் போன் வரும். "அப்பா" என்பாள் நிதர்சனா. "சாப்பிட்டியோ?" என்பார் இவர். "ஓம்" என்பாள். அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். பிறகு ஜோசப்பின் போனை வாங்கி, அவள் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவளுக்குமாக மாற்றிச் சொல்லுவாள். இவர் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஜோசப்பின் அந்தப் பக்கம் நீட்டி நீட்டி என்னவோ சொல்லுவாள். இவர் சொல்லாததையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பாள்.

ஒருநாள் ஜோசப்பின் தனியே எடுத்தாள்.

"அத்தான், எனக்கு வருத்தம் கூடிப்போச்சு. டொக்டர்மார் கனகாலம் சொல்லேல்லை. இவரும் முந்தியே போட்டார், நானும் போனால் உங்களுக்கும் அவளுக்கும் நடுவில கதைக்க ஒருத்தரும் இல்லை. நீங்கள் இங்கிலீஷ் பழகுங்கோ."

"இந்த வயசிலயோ?"

"வேற வழி இல்லை அத்தான். இல்லாட்டி, அவளுக்கு அப்பா எண்டு ஒருத்தர் இருந்தது என்னோடயே முடிஞ்சுபோம்."

மரியநேசன் "ஓம்" என்றார். அவள் சாகப்போகிறாள் என்று கேட்டதற்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்கிறவர்கள், முல்லைத்தீவு ரவுனில் நடந்த ஸ்போக்கின் இங்கிலீஷ் வகுப்பில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் மேசையில் இடிக்க இருந்தார். தன் குடும்பத்தைப் பற்றி ஐந்து வசனம் சொல்லும்படி ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பினார். மரியநேசனின் முறை வந்தது. எழும்பி நின்றார். ஆங்கிலம் தெரியாதது அல்ல பிரச்சினை. அந்த ஐந்து வசனமும் தமிழிலேயே அவரிடம் இல்லை. திரும்ப இருந்துவிட்டார். அடுத்த கிழமை அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு வழி சொன்னவளும் ஜோசப்பின்தான். நிதர்சனா படிப்பு முடிந்து வந்தால் அந்தக் கைபேசி நகரத்துக்குள்தான் கிடக்கிறாள், சிநேகிதர்களோடு சேர்ந்து அங்கே ஒரு தெருவே கட்டி வைத்திருக்கிறாள் என்றாள். "அங்க எல்லாரும் இங்கிலீஷ்தான். பிழை விட்டாலும் ஒருத்தரும் சிரிக்க மாட்டினம். முகம் தெரியாதெல்லோ" என்றாள். மகளின் தெருவுக்கு எடுத்தவுடன் போக மரியநேசனுக்கு மனமில்லை. முதலில் வாய் திருந்தட்டும் என்று, அந்த நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்த மீன்பிடித் துறையில் கொண்டுபோய்க் கரடியை இருத்தினார்.

மீன்பிடியாம் மீன்பிடி! தூண்டிலை எறிந்து கை எடுக்கமுன் மீன் கொத்தும். காற்றில்லை, நீரோட்டமில்லை, எஞ்சின் பழுதில்லை. பிடிபட்ட மீன் பல்லைக் காட்டிச் சிரிக்கும். "சீ, இதென்ன கேவலம்" என்று முதல்நாள் வாய்விட்டே சொன்னார். போகப்போகத்தான், மீனுக்காக ஒருவரும் அங்கே வரவில்லை என்பது விளங்கியது. அது தனியாட்கள் வருகிற இடம். தூண்டிலைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற முயலோடோ பூனையோடோ கதைக்க வருகிறார்கள். வேலை களைப்பு, மழை, சாப்பாடு, பேசாத பிள்ளைகள். ஒவ்வொரு நாளும் அதே கதைதான்.

அதே கதையாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. மாதக்கணக்காக மரியநேசன் வாய் திறக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். சொல் சொல்லாகப் பொறுக்காமல், வருகிறவர் என்ன சொல்கிறார், போகிறவர் என்ன சொல்கிறார், அலுத்தவர் என்ன சொல்கிறார் என்று வசனம் வசனமாகவே பிடித்துவைத்தார். பின்னேரம் கடலுக்குப் போகும்போது எஞ்சின் சத்தத்துக்குள் அவற்றைச் சொல்லிப் பார்ப்பார்.

"அண்ணை, ஆரோட கதைக்கிறியள்?" என்று கேட்பான் அவரோடு தொழிலுக்கு வருகிற துசியந்தன்.

"எஞ்சினோட."

"அது என்ன சொல்லுது?"

"உன்னை வாயை மூடட்டாம்."

ஒருநாள் பக்கத்தில் இருந்த முயல் அவர் பக்கம் திரும்பி, "இன்றைக்கு மீன் எப்படி?" என்று கேட்டது. அங்கே பேசுவதெல்லாம் ஆங்கிலம். நம் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"மீன் இல்லை. நாளைக்குப் பார்ப்போம்" என்றது கரடி.

முயல் சிரித்தது. அது லோர்னா என்கிற பிலிப்பைன்ஸ்காரி, அரபு நாடொன்றில் தாதி வேலை. அவள் பிள்ளைகளும் அவளோடு இல்லை. அன்றிலிருந்து அவள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குக் கரடியும் அங்கே இருக்கும். அவள் மெதுவாகப் பேசுவாள், பிழை விட்டால் திருத்துவாள், திருத்தியதைப் பெரிதுபடுத்த மாட்டாள். ஒருமுறை அவரது குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். வகுப்பில் வராத ஐந்து வசனமும் அன்று மளமளவென்று வந்தன. மனைவி இருந்தாள். ஷெல்லில் செத்தாள். நான்தான் புதைத்தேன். ஒரு மகள். கனடாவில் இருக்கிறாள்.

முயல் அழுதது. விம்மல் சத்தம் காதுக்குள் கேட்டபோது மரியநேசனுக்கு ஆச்சரியம். அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. தமிழில் 'செத்தாள்' என்று சொல்லப் போனால் சொல் பாதியில் நின்றுவிடும், ஆகவே சொல்வதில்லை. ஊரிலும் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு படமாவது தொங்குகிறது, யார் யாருக்குச் சொல்வது? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எடையே இல்லை. மீன் இல்லை, மழை வரும், மனைவி செத்தாள் எல்லாம் ஒரே பாரம். அது அவருக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருப்பது நல்லதா என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு வருசத்துக்கு மேல் கழித்து, ஒரு ஞாயிறு காலை, முதல் பூசை முடிந்து வந்து கரடியை மகளின் தெருவுக்கு நடத்திப் போனார். கனடாவில் அப்போது சனி இரவு. ஜோசப்பின் சொல்லி வைத்திருந்ததால் நிதர்சனா வாசலில் நின்றாள். நீலத் தலைமயிரும் பச்சைச் சட்டையுமாக ஒரு பெண் உருவம். கரடியைக் கண்டதும் சிரித்தாள்.

"அப்பா, நீங்கள் உண்மையிலேயே ஒரு கரடி!"

"ஓம், நான் கரடி. இது இலவசம்" என்றார் ஆங்கிலத்தில்.

அவள் இன்னும் சிரித்தாள். பிறகுதான், நடுவில் ஒருவரும் இல்லாமல் தன்னோடு பேசுகிறார் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தினாள். "வாருங்கள், வீடு காட்டுகிறேன்" என்றாள்.

இந்த நாளுக்காகத்தான் இவ்வளவும். அன்று தனக்கு ஏதாவது ஆகும் என்று மரியநேசன் எதிர்பார்த்திருந்தார், நெஞ்சு அடிக்கும், கண் கலங்கும் என்று. ஒன்றும் ஆகவில்லை. அவள் ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். "நல்ல வீடு" என்றார். "பெரிய யன்னல்" என்றார். திரும்பி வந்து கஞ்சி குடித்துவிட்டுக் கிழிந்த வலையைப் பொத்தினார். என்ன மனுசனப்பா நான் என்று மட்டும் ஒருமுறை நினைத்தார்.

ஆனாலும் ஞாயிறு தவறவில்லை. அவளும் தவறவில்லை. சின்ன வயதில் நான் எதற்குப் பயப்படுவேன் என்று ஒருமுறை கேட்டாள். "நண்டு" என்றார். "நண்டைக் கண்டால் என் தோளில் ஏறுவாய்." அவள் அதை இரண்டுமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஜோசப்பின் பிறகு போனில், "அத்தான், அவள் ஞாயிற்றுக்கிழமைக்கு எண்டு காத்துக்கொண்டு இருக்கிறாள். எனக்கு இனிப் பயமில்லை" என்றாள். அதுதான் அவள் அவரோடு கடைசியாகக் கதைத்தது.

ஆவணியில் ஜோசப்பின் செத்துப்போனாள். அடக்கத்தைக் கைபேசியில் நேரடியாகக் காட்டினார்கள். கறுப்புச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, நிதர்சனாவாகத்தான் இருக்க வேண்டும், கோயிலின் முன்வாங்கில் இருந்தாள். கமெரா தூரத்தில் இருந்ததால் முகம் தெரியவில்லை. மரியநேசன் வாடி மணலில் முழந்தாளில் நின்று செபமாலை சொன்னார். கண்ணீர் வரவில்லை. றீற்றாவுக்கே வராதது, அவளுடைய தங்கைக்கு எப்படி வரும்? உள்ளே எங்கோ ஓர் இடம் விறைத்துக் கிடந்தது. தடவிப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் தெரிவதில்லை.

அடுத்த ஞாயிறு, வர முடியாத சிநேகிதர்களுக்காக அந்தத் தெருவிலேயே ஓர் அஞ்சலி வைத்தாள் நிதர்சனா. புல்வெளியில் வெள்ளைக் கதிரைகள் போட்டு மரமெல்லாம் விளக்குத் தொங்கவிட்டு, நடுவில் ஜோசப்பினின் படத்தைப் பெரிதாக வைத்திருந்தார்கள். நரியும் பூனையும் இறக்கை வைத்த பெண்களுமாக நாற்பது ஐம்பது உருவங்கள். எல்லாம் தலைகுனிந்திருந்தன. மஞ்சள் தொப்பியைக் கழற்ற முடியவில்லையே என்பதுதான் மரியநேசனின் ஒரே வெட்கம். கடைசி வரிசையில் போய் இருந்தார்.

ஒவ்வொருவராக எழும்பி நிதர்சனாவிடம் போய்ப் பேசினார்கள். ஸொறி என்றார்கள், நல்ல மனுசி என்றார்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார்கள், பாய் சொல்லிப் போனார்கள். மரியநேசன் பேசவில்லை. செத்தவீட்டுக்குப் போகிற நம்மவர்கள் என்ன பேசுகிறார்கள்? போனால் இருப்போம். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஆண்கள் வெளியில் கதிரையில் குந்திக் கைகட்டி இருப்பார்கள். வந்து இருப்பதுதான் மரியாதை. எழும்பும்போது, போய் வருகிறேன் என்கிற 'போட்டு வாறன்' மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னால், இப்படி ஒரு காரியத்துக்கு அந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன் என்றாகிவிடும். ஆகவே பேசாமல் எழும்பி, திரும்பிப் பாராமல் போய்விடுவதுதான் முறை. மரியநேசன் கடைசி ஆள் போகும்வரை இருந்தார். நிதர்சனாவும் படமும் மட்டும் மிஞ்சியபோது எழும்பி, கரடியை மெதுவாக நடத்திக்கொண்டு வெளியேறினார். முறை தவறாமல் செய்தோம், தகப்பன் ஸ்தானத்தில் கடைசிவரை இருந்தோம் என்று, கனகாலத்துக்குப் பிறகு அவருக்குக் கொஞ்சம் நிறைவாக இருந்தது.

அரைமணித்தியாலத்தில் குரல் செய்தி ஒன்று வந்தது.

"எல்லாரும் பேசினார்கள். நீங்கள் பேசவில்லை. நீங்கள்தான் கடைசியில் இருந்தீர்கள், என்னிடம் வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பாய் கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். எனக்குப் பழக்கம்தான். அன்றைக்குப் படகில் ஏற்றிவிட்டும் அப்படித்தான் போனீர்கள். எனக்கு உங்கள் முதுகு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, அப்பா. இனி வரத் தேவையில்லை."

மரியநேசன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆங்கிலம் நன்றாகத்தான் பழகியிருந்தார். ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை.

அடுத்தநாள் மீன்பிடித் துறைக்குப் போய் லோர்னாவிடம் சொன்னார். "நீ ஸொறி கூடச் சொல்லவில்லையா?" என்றாள் அவள்.

"நான் ஏன் ஸொறி சொல்ல வேண்டும்? நானா கொன்றேன்?"

"அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சொல்லாவிட்டால் உனக்குக் கவலை இல்லை என்று அர்த்தம். பாய் சொல்லாவிட்டால் கோபம் என்று அர்த்தம்."

மரியநேசன் செத்தவீட்டு முறையைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினார். லோர்னா கடைசிவரை கேட்டாள். "இது உன் மகளுக்குத் தெரியுமா?"

"இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே."

"அவளுக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் இதைப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை, செத்தவீடுகளுக்குக் கூட்டிப்போகையில் தானாகப் பழகும். கூட்டிப்போக வேண்டியவர் அவர்.

மகளுக்குக் குரல் செய்தி அனுப்பிப் பார்த்தார். போய்ச் சேரவில்லை, அவரிடமிருந்து ஒன்றும் வராதபடி அடைத்துவிட்டிருந்தாள். போன் எடுத்தால் எடுக்கவில்லை. ஜோசப்பின் சொன்னது நடந்தேவிட்டது என்று நினைத்தார். அப்பா என்று ஒருத்தர் இருந்தது அவளோடே முடிந்தது. அதற்கும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். துசியந்தன் இரண்டுநாள் பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் படகில வராதேங்கோ, வலையோட சேந்து விழுந்துபோவியள்" என்றான்.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்து வந்தவர், வேறென்ன செய்வதென்று தெரியாமல், கரடியை அந்தத் தெருவுக்கு நடத்தினார். தெருவை அவள் பூட்டவில்லை. கதிரைகள், விளக்குகள், படம் எல்லாம் அப்படியே இருந்தன. ஒருவரும் இல்லை. கடைசி வரிசையில் அதே கதிரையில் இருந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை செத்தவீட்டைத் தனியே விடக்கூடாது, சொந்தக்காரர் வந்து போய்க்கொண்டு இருக்க வேண்டும். அது கனடாவில் இருந்தாலென்ன, கைபேசிக்குள் இருந்தாலென்ன. மத்தியானம்வரை இருந்தார். பிறகு ஞாயிறு என்றில்லாமல் ஒவ்வொரு காலையும் போனார். கடலால் வந்து, மீனைக் கொடுத்து, கைகால் கழுவிக்கொண்டு போய் இருப்பார். அவள் வருவாள் என்று இருந்தார் என்று சொல்ல முடியாது. இருப்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

ஒரு காலை, நீலத் தலைமயிர்ப் பெண் வந்து எதிரில் நின்றாள்.

"ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறீர்கள். இங்கே வந்து போகிறவர்களின் பெயர் எனக்குத் திரையில் தெரியும். ஏன்?"

"இது செத்தவீடு. தனியே விடக்கூடாது."

"அன்றைக்கு என்னைத் தனியே விட்டுப் போனீர்கள்."

மரியநேசன் சொல்லத் தொடங்கினார். லோர்னாவிடம் சொல்லிப் பழகிய வசனங்கள்தான். எங்கள் ஊரில், செத்தவீட்டுக்குப் போனால் பேச வேண்டும் என்று இல்லை. போகும்போது சொல்லிக்கொண்டு போகக்கூடாது. சொன்னால் அந்த வீட்டில் திரும்பவும் சாவு வரும். நான் கோபத்தில் போகவில்லை. முறை என்று போனேன்.

"அப்போ படகு?" என்றாள் அவள். "அன்றைக்கு ஏன்?"

அந்த வசனம் அவர் பழகாதது. தேடித் தேடிச் சொன்னார்.

"உன் அம்மாவை அன்று காலை புதைத்தேன். பதுங்குகுழிக்குப் பக்கத்தில். மண் காயவில்லை. வீடு இல்லை, ஆனால் அதுவும் செத்தவீடு. உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து படகில் கொடுத்தேன். நீ கூப்பிட்டாய். எனக்குக் கேட்டது. போட்டு வா என்று சொன்னால், நீ அந்த இடத்துக்குத் திரும்பி வந்துவிடுவாயோ என்று பயம். நீ திரும்பி வரக்கூடாது. ஆகவே சொல்லவில்லை. பார்க்கவும் இல்லை."

நீலத் தலைமயிர்ப் பெண் ஓரடி கிட்ட வந்தாள்.

"என் செருப்பு ஒன்று கடலுக்குள் விழுந்தது" என்றாள். "அதைக் கேட்டு அழுதேன். அதுதான் உங்களுக்குக் கோபம் என்று நினைத்தேன். இவ்வளவு காலமும்."

செருப்பு விழுந்தது மரியநேசனுக்கு ஞாபகத்திலேயே இல்லை. நாலு வயதுப் பிள்ளை ஒரு செருப்புக்காகத் தன்னைத் தகப்பன் விட்டுப் போனான் என்று நினைத்துக்கொண்டு வேறொரு நாடு போய் வளர்ந்திருக்கிறது. அவர் கைபேசியை இறுக்கிப் பிடித்தார். கரடி கதிரையில் இருந்தபடியே இடமும் வலமுமாக ஆடியது.

"கோபம் இல்லை" என்றார். "ஒருநாளும் இல்லை."

அவள் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். இருவரும் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவள் அழுதாள். அவர் ஸொறி என்றார். லோர்னா சொல்லித் தந்ததை எந்த இடத்தில் சொல்வது என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு அவள் கேட்டாள்:

"இப்போதும் இது செத்தவீடுதானா?"

"ஓம். முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை."

"அப்படியென்றால் நான் சொல்லக்கூடாது."

"சொல்லக்கூடாது."

அவள் எழும்பினாள். புல்வெளியைக் கடந்து, விளக்குகளுக்குக் கீழே, நேரே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் உருவம் மறைந்தது.

மரியநேசன் காதிலிருந்து வயரை எடுத்தார். வாடி வாசலில் துசியந்தன் வலையைக் குவித்துக்கொண்டு நின்றான்.

"என்னண்ணை, மகள் வந்தவளோ?"

"வந்தவள். போட்டாள்."

"சொல்லிப்போட்டுப் போனவளோ? கோவம் தீந்துதோ?"

மரியநேசன் வாயைத் திறந்தார். பதினாறு வருசமாக வராத அழுகை அப்போதுதான், துசியந்தனுக்கு முன்னால், வலைக்கும் மீன்செதிலுக்கும் நடுவில் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். துசியந்தன் பயந்துபோய் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"சொல்லாமல்தான் போனவள்" என்றார் மரியநேசன். "எங்கட பிள்ளையெல்லோ."